சம்மந்தி தந்த காரின் டைமிங் பெல்ட்

பத்தாயிரத்து ஒரு ரூபாய் கொடுத்து வாங்கிய காருக்குப் பதினெட்டாயிரம் ரூபாயில் பெல்ட் போட்ட குடும்பம் கரமனையில் எங்களுடையது மட்டும்தான் என்று என் கணவர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பி ஆறுவதற்குள் இதைச் சொல்லிவிடுவார். நான் மறுப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அவர் சொல்லும் இரண்டு தொகையும் சரிதான். ஆனால் அந்தக் கணக்கில் அவர் சேர்க்காமல் விடுகிற சங்கதிகள் உண்டு.

கார் எங்களுக்கு வந்த விதத்தை முதலில் சொல்ல வேண்டும். மகளைப் பாறசாலையில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மருமகனுக்குத் துபாயில் வேலை. மகள் மாமனார் மாமியாரோடு இருக்கிறாள். மாமனார், அதாவது எங்கள் சம்மந்தி, வாழைக்குலை மொத்த வியாபாரி. சந்தையில் ஆயிரம் பேரைச் சத்தம் போட்டு வேலை வாங்குகிறவர், எங்கள் வீட்டுக்கு வந்தால் மட்டும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து மெல்லப் பேசுவார். கல்யாணம் முடிந்த மறு வருடம் அவர் புதுக் கார் வாங்கினார். பழைய காரை என்ன செய்யப் போகிறார் என்று ஒரு பேச்சு வந்தது. டீசல் கார், வயது பத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"வெளிய குடுத்தா எவனாவது மீன் ஏத்திட்டுப் போவான். எனக்கு மனசு வரல்ல. உங்க வாசல்லயே கெடக்கட்டும். சம்மந்தியம்மாவுக்குத்தான் லைசென்ஸ் உண்டும்லா" என்றார்.

லைசென்ஸ் எனக்கு இருந்தது உண்மை. எடுத்து வருடக்கணக்காகியிருந்தது, ஓட்டுவதற்குத்தான் வண்டி இல்லை. என் கணவருக்கு ஓட்டத் தெரியாது. ஓட்டுகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கத் தெரியும். சம்மந்தி அப்படிச் சொன்னதும் எனக்கு உள்ளுக்குள் ஆசை பொங்கியது. அதை முகத்தில் காட்டாமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன்.

காட்டக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. பெண்ணைக் கொடுத்த வீட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்குச் சாமான் போகும். அங்கிருந்து இங்கே ஒன்றும் வராது. எங்கள் பக்கத்து நடைமுறை அது, சரியா தப்பா என்று யாரும் உட்கார்ந்து யோசித்ததில்லை. சும்மா வாங்கிக்கொண்டால் நமக்கு இளக்காரம் என்று என் கணவர் ஒற்றைக்காலில் நின்றார். சம்மந்தி விலை சொல்ல மாட்டேன் என்று அவர் பங்குக்கு நின்றார். கடைசியில் ஒப்புக்கு ஒரு தொகை என்று முடிவாகி, வெற்றிலைத் தட்டில் பத்தாயிரத்து ஒரு ரூபாய் வைத்துக் கொடுத்தோம். அவர் எண்ணிப் பார்க்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சாவியை அதே தட்டில் வைத்தார்.

சாவியோடு ஒரு வாய்ப்பூட்டும் வந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அப்படி வாங்கிய வண்டியைப் பற்றி ஒரு கேள்வி கேட்க முடியாது. பிரேக் எப்போது பார்த்தீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டாலும் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும். குறை சொல்லவே கூடாது. ஏசியிலிருந்து என் பாதத்தில் தண்ணீர் சொட்டியது. வைப்பர் மழைத்தண்ணீரைத் துடைக்காமல் கண்ணாடி முழுக்கப் பரப்பியது. நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

ஆனால் சம்மந்தி விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வார். எங்கள் சுகம், தெருவில் தண்ணீர் வருகிறதா என்பதெல்லாம் இரண்டு வார்த்தையில் முடிந்துவிடும். பிறகு கேட்பார்.

"வண்டி நல்லா ஓடுதா? ஒண்ணும் இல்லல்லா?"

"ஒரு குறையும் இல்ல சம்மந்தி. ராஜா மாதிரி ஓடுது."

வாராவாரம் இதே கேள்வி, இதே பதில். முதலில் அக்கறை என்று நினைத்தேன். பிறகு எரிச்சல் வந்தது. தந்ததை மறந்துவிடக் கூடாது என்று நினைவுபடுத்துகிறாராக்கும் என்று போனை வைத்ததும் முணுமுணுப்பேன். என் கணவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "பத்தாயிரத்து ஒண்ணு கொடுத்தோமே, அதச் சொல்லியிருக்கலாம்லா" என்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் ஆயில் மாற்றுவதற்காக ஆற்றங்கரைப் பக்கம் இருக்கும் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். அங்கே இருக்கும் மெக்கானிக் மலையாளி. எங்கள் தெருக்காரர்களோடு பழகிப் பழகி ஒரு மாதிரித் தமிழ் பேசுவார். நல்ல வேலைக்காரர், ஆனால் சொன்ன நாளில் வண்டி தந்ததாகச் சரித்திரம் இல்லை. என்ஜினைப் பார்த்தபடியே கேட்டார்.

"டீச்சரே, இதுல டைமிங் பெல்ட் எப்போ மாத்தினது?"

தெரியாது என்றேன்.

"ஓடின கிலோமீட்டர் பார்த்தா மாத்த வேண்டிய காலம் எப்பவோ கழிஞ்சு. மாத்தினதா இல்லையான்னு எனக்கும் அறிஞ்சூடா. பழைய ஆள்கிட்ட ஒண்ணு கேளுங்க."

"அவர் என் சம்மந்தி" என்றேன். அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, "அப்போ கேக்கண்டா, வேண்டாம்" என்றார்.

பெல்ட் அறுந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். இரண்டு கையையும் நீட்டி, ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே வருவதாகக் காட்டினார். ஒன்றோடொன்று இடிக்காமல் ஒழுங்காக ஏறி இறங்க வைப்பது அந்த ரப்பர் பெல்ட்தான். அது போனால் என்று சொல்லிவிட்டு இரண்டு உள்ளங்கையையும் படாரென்று அடித்தார்.

"பெல்ட் பொட்டினா ஹெட் போச்சு, வால்வ் போச்சு. பின்னே லட்சத்துக்குப் பக்கத்துல வரும். அது காசு. ஓடிட்டிருக்கும்போது பொட்டினா வண்டி அப்படியே நிக்கும். ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆகும். பின்னால லாரி வந்தா..." அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

"முன்னாடியே சத்தம் கேக்குமா?"

"ஒண்ணும் கேக்காது."

மாற்ற எவ்வளவு என்றேன். பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் உருளைகள், கூடவே வாட்டர் பம்ப், கூலி எல்லாம் சேர்த்துப் பதினெட்டாயிரம் என்றார். பம்ப் எதற்கு, அது நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்டேன். அதே பெல்ட்தான் பம்பையும் சுற்றுகிறதாம். அடுத்த வருடம் பம்ப் ஒழுகினால் திரும்பவும் இவ்வளவையும் கழற்ற வேண்டும், கூலி இரண்டாவது தடவை கொடுக்க வேண்டும் என்றார். நியாயமாகத்தான் பட்டது. நியாயமாகப் பட்டதனால் அதிகமாகச் சந்தேகம் வந்தது.

வீட்டில் வந்து சொன்னதும் என் கணவர் சிரித்தார். "பெல்ட்டை வாங்கிட்டு வண்டிய இலவசமா கேட்டிருக்கணும்" என்றார். பிறகு சிரிப்பு நின்றது. ஏனென்றால் மகளுக்கு அப்போது ஆறாம் மாதம். தலைப்பிரசவம் அம்மா வீட்டில். ஏழாம் மாதத்தில் நாள் பார்த்து, பலகாரத்தோடு பாறசாலைக்குப் போய் அவளைக் கரமனைக்குக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். நாளும் குறித்தாகிவிட்டது. அந்தக் காரில் அவள் வரவேண்டும். ஓட்டப் போகிறவள் நான்.

பாறசாலைச் சாலையை அறிந்தவர்களுக்கு நான் ஏன் பயந்தேன் என்று தெரியும். விழிஞ்ஞம் துறைமுகத்துக்குப் பாறாங்கல் கொண்டுபோகும் டிப்பர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக முதுகில் மூச்சு விட்டுக்கொண்டு வரும். பாலராமபுரத்தில் ஒதுங்குவதற்குக்கூட இடம் கிடையாது. வயிற்றில் பிள்ளையோடு மகள் பின்சீட்டில் இருக்க, என் கையில் ஸ்டியரிங் கல்லாகிப் போவதை நான் பகலிலேயே கனவு கண்டேன். கடைக்குப் போகும்போதும் வரும்போதும் பாட்டுப் போடுவதை நிறுத்திவிட்டு என்ஜினைக் கேட்டுக்கொண்டே ஓட்டினேன். சத்தம் கேட்காது என்று அவர் சொன்னது ஞாபகம் இருந்தும் கேட்டேன்.

"வாடகைக்கு ஒரு டாக்ஸி பிடிச்சாப் போச்சு" என்றார் கணவர்.

"அவர் தந்த வண்டி நம்ம வாசல்ல நிக்கும்போது டாக்ஸில போய் இறங்கினா, உங்க வண்டி ஆகாதுன்னு மைக் வச்சுச் சொன்ன மாதிரி இருக்கும்."

"அப்ப கேட்டிரு. தாறதுக்கு முன்ன பெல்ட் மாத்தினீங்களான்னு ஒரு வார்த்தை."

"நீங்க கேளுங்க."

அவர் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

மகளிடம் போனில் சுற்றி வளைத்துப் பார்த்தேன். உங்க மாமா வண்டியை எங்கே வேலைக்கு விடுவார், நிறையச் செலவு செய்வாரா என்று. அவள் புத்திசாலி, ஆனால் அந்தச் சமயம் தூக்கத்தில் இருந்தாள். "மாமா அந்த வண்டிய பொன்னு மாதிரி வச்சிருந்தாரும்மா. எல்லாம் செஞ்சிருப்பாரு" என்று சொல்லிக் கொட்டாவி விட்டாள். செஞ்சிருப்பாரு என்பது எனக்குப் போதவில்லை. செய்திருந்தால், நன்றாக இருக்கும் பெல்ட்டைக் கழற்றிப் பதினெட்டாயிரத்தை ஆற்றில் போட்ட கதை. செய்யாதிருந்தால்... அதற்கு மேல் யோசிக்க எனக்குத் தைரியம் இல்லை.

அந்த வார ஞாயிற்றுக்கிழமையும் சம்மந்தி அழைத்தார். வண்டி நல்லா ஓடுதா என்றார். ராஜா மாதிரி என்றேன். நாக்கு நுனி வரைக்கும் வந்த கேள்வியை விழுங்கிக்கொண்டேன். போனை வைத்துவிட்டுக் கணவரிடம், "மாத்திடுவோம்" என்றேன். பென்ஷன் பணத்தில் கொஞ்சம் பல்லுக்காக ஒதுக்கி வைத்திருந்தேன், கடைவாயில் இரண்டு பல் கட்ட வேண்டும். பல் இல்லாமலும் பேத்தியையோ பேரனையோ கொஞ்சலாம் என்று தீர்மானித்தேன். என் கணவர் சாவியை எடுத்து வந்து என் கையில் தந்தார். அவருக்கும் அதுவேதான் மனதில் இருந்திருக்கிறது.

மெக்கானிக் சாவியை வாங்கிக்கொண்டு இரண்டே நாள் என்றார். பெல்ட் வந்தது, ஆனால் வேறொரு வண்டிக்கு உள்ளது வந்தது. திருப்பி அனுப்பினார். சரியான பெல்ட் எர்ணாகுளத்திலிருந்து வர வேண்டும் என்றார். கூட்டிக்கொண்டு வரும் நாள் நெருங்கிக்கொண்டே இருந்தது. முந்திரிக்கொத்தும் முறுக்கும் சுட்டு டப்பாக்களில் அடைத்தாயிற்று, வண்டிதான் முகத்தைக் கழற்றிக்கொண்டு ஒர்க்‌ஷாப்பில் நின்றது. நான் தினமும் காலையில் போய் நின்று அவரை முறைத்துவிட்டு வந்தேன். "டீச்சர் இப்படி வந்து நோக்கினா எனக்குப் பரீட்சை எழுதுற மாதிரி கை விறைக்குது" என்றார். விறைக்கட்டும் என்றேன்.

கடைசியில் சரியான பெல்ட் வந்து சேர்ந்தது, புறப்படுவதற்கு முந்தின நாள். பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு என்ஜினுக்கு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் மூடியைக் கழற்றினார், இறுக்கத்தைத் தளர்த்தினார், பழைய பெல்ட்டை உருவி எடுத்தார். அதை என் மடிக்குப் பக்கத்தில் நீட்டி, உள்பக்கம் வெளியே வரும்படி வளைத்துக் காட்டினார். வளைத்த இடத்தில் வரிசையாக வெடிப்புகள் வாய் திறந்தன. ஓரம் நைந்து நூல் பிரிந்து தொங்கியது. ஒரு பல் பாதிதான் இருந்தது.

"இது முதல்ல போட்டது. மாத்தவே இல்லை" என்றார்.

வண்டியை வேலைக்கு விடுவதற்கு முந்தின வாரம்கூட அதே பெல்ட்டோடு தம்பானூர் ஸ்டேஷனுக்குப் போய் ரயிலிலிருந்து இறங்கிய என் தங்கையை அழைத்து வந்திருந்தேன். எத்தனை டிப்பருக்கு முன்னால் போயிருப்பேன். பயம் எல்லாம் முடிந்தபிறகு வந்து சேர்ந்த பயம் அது. கொஞ்ச நேரத்தில் அது அடங்கி, நல்லவேளை, நல்லவேளை என்று மட்டும் மனம் அடித்துக்கொண்டது. பதினெட்டாயிரம் வீண் போகவில்லை என்பதில் ஒரு சந்தோஷமும் இருந்தது. மனுஷ மனசு அப்படித்தான். பெல்ட் நன்றாக இருந்திருந்தால் எனக்கு அன்றைக்குத் துக்கமாக இருந்திருக்கும்.

புதுப் பெல்ட்டை மாட்டி, சாவியைப் போடுவதற்கு முன் ஸ்பேனர் வைத்து என்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்தார். எங்கும் தட்டவில்லை. பிறகு ஸ்டார்ட் செய்தார். எப்போதும் கேட்கும் அதே சத்தம்தான், ஆனால் என் காதுக்கு அது வேறாக இருந்தது. பணத்தைப் போனில் அனுப்பினேன். பழைய சாமான் எல்லாவற்றையும் புதுப் பெல்ட் வந்த அட்டைப்பெட்டியில் போட்டு டிக்கியில் வைத்தார். மாற்றாமலே காசு வாங்கிவிட்டதாக யாரும் சொல்லக் கூடாது என்பது அவர் கொள்கை. நானும் அதை இறக்க மறந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் பலகார டப்பாக்களைப் பின்சீட்டில் அடுக்கிக்கொண்டு புறப்பட்டோம். பாப்பனங்கோடு தாண்டியதும் பாட்டுப் போட்டேன். கணவர் திரும்பிப் பார்த்தார். பாலராமபுரத்தில் ஒரு டிப்பர் பின்னால் வந்து ஹாரன் அடித்தது. நான் என் பாட்டுக்கு நிதானமாகப் போனேன். "பதினெட்டாயிரத்துக்குத் தைரியம் கொஞ்சம் கூடுதலாத்தான் வந்திருக்கு" என்றார் அவர்.

அந்தச் சந்தோஷம் பாறசாலையில் சம்மந்தி வீட்டு வாசல் வரைக்கும்தான். அங்கே ஒரு பெரிய வெள்ளை டாக்ஸி நின்றுகொண்டிருந்தது. டிரைவர் கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்தார். வேறு யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். மகள் தளர்ந்த நடையில் வந்து என் தோளில் சாய்ந்தாள். அவள் முகம் உருண்டு, கன்னம் பளபளத்தது. சம்மந்தியம்மா பலகாரத்தை வாங்கிச் சாமிக்கு முன் வைத்தார். சாப்பாடு ஆயிற்று. பிரதமன் பாயசம்கூட இருந்தது. கை கழுவிவிட்டு வரும்போது சம்மந்தி தொண்டையைச் செருமினார்.

"மகள அந்த டாக்ஸில கூட்டிட்டுப் போங்க. பெரிய வண்டி, காலு நீட்டி இருக்கலாம். உங்க வீட்டுக்காரரும் கூட இருக்கட்டும். நீங்க நம்ம வண்டிய மெல்ல ஓட்டிட்டுப் பின்னால வாருங்க."

எனக்குச் சுருக்கென்றது. வாரக்கணக்காகப் பயந்து, கேட்க முடியாததைக் கேட்காமல் விழுங்கி, பல் கட்ட வைத்த பணத்தைப் போட்டு, நாள் தவறாமல் அவர் வண்டியிலேயே வந்து நிற்கிறேன். இவர் டாக்ஸி பிடித்து வைத்திருக்கிறார். பொம்பளை ஓட்டுகிற வண்டியில் மருமகளை ஏற்ற மனசில்லை என்றுதான் எனக்குப் பட்டது.

"ஏன் சம்மந்தி, நான் ஓட்டினா பயமா இருக்கோ?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் முகம் கறுத்தது. "ஐயோ, அப்படி இல்ல. நீங்க நல்லா ஓட்டுவிய. அது... வசதிக்குத்தான்" என்றார். என் கணவர் என் முழங்கையைத் தொட்டார். எனக்குக் கோபத்தில் அழுகை வந்துவிடும் போலிருந்தது. இனி ஒரு நிமிஷம் நின்றால் அசிங்கமாகிவிடும் என்று மகளின் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். சம்மந்தி பின்னாலேயே ஓடி வந்து, பையை என் கையிலிருந்து வாங்கி, எங்கள் காரின் டிக்கியைத் திறந்தார்.

பையை வைக்க இடம் தேடி அந்த அட்டைப்பெட்டியை நகர்த்தினார். பெட்டி சரிந்தது. பெல்ட் பாதி வெளியே வந்து விழுந்தது.

அவர் பையைக் கீழே வைத்தார். பெல்ட்டை எடுத்து, மெக்கானிக் செய்தது போலவே உள்பக்கம் திருப்பி வளைத்தார். வெடிப்புகளைப் பார்த்தார். வாழைக்குலை சுமந்து தடித்துப்போன விரலால் பெல்ட்டின் பாதிப் பல்லைத் தடவினார்.

"மாத்தியாச்சா?" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"நேத்து."

அவர் அப்படியே டிக்கியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். பிறகு பெல்ட்டை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"வண்டிய உங்களுக்குத் தாறதுக்கு முன்னயே எங்க ஒர்க்‌ஷாப் மேஸ்திரி சொன்னாரு, பெல்ட் மாத்தணும்னு. மாத்திட்டுத் தரணும்னுதான் நெனச்சேன். கல்யாணச் செலவு, புது வண்டிச் செலவு, நாள் போச்சு. அதுக்குள்ள நீங்க தட்டுல ரூவா வச்சுக் குடுத்திட்டிய. காசு வாங்கினதுக்குப் பிறகு வண்டில கொறை உண்டும்னு எப்படிச் சொல்ல? சம்மந்தி வீட்டுக்குக் கேடான வண்டியத் தள்ளிவிட்டேன்னு ஆயிரும்லா. சொல்லவும் முடியல்ல, சும்மா இருக்கவும் முடியல்ல. ஞாயித்துக்கிழமை வந்தா உங்க குரலக் கேக்குற வரைக்கும் எனக்குச் சோறு எறங்காது."

அப்போது எனக்கு வந்தது கோபம்தான், அதை மறைப்பதற்கில்லை. ஒரு வருஷமாக அந்த வண்டியில் நானும் கணவரும் ஊர் சுற்றியிருக்கிறோம். இவருக்குத் தெரிந்திருக்கிறது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சம்மந்தி."

அவர் தலை நிமிர்ந்தார். "சொல்லியிருக்கணும். தப்புத்தான்" என்றார். பிறகு மிக மெதுவாக, "நீங்களும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா" என்றார்.

ராஜா மாதிரி ஓடுது, ராஜா மாதிரி ஓடுது என்று வாராவாரம் நான் சொன்னது என் காதிலேயே கேட்டது. அவர் அதைக் கேட்டு ஒரு வாரம் நிம்மதியாக இருப்பார், அடுத்த ஞாயிறு திரும்பவும் பயப்படுவார். கடைசி வாரங்களில் நானும் இந்தப் பக்கம் அதே பயத்தோடு. மகள் வாசற்படியில் நின்று எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் டிக்கியில என்ன தேடுறீங்க?" என்றாள். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. சிரித்துவிட்டேன். சம்மந்தியும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு அவர் பதினெட்டாயிரத்தைத் தந்தே தீருவேன் என்று நின்றார். என் கணவர் வாங்க மாட்டேன் என்று நின்றார். பழைய தட்டு, பழைய கூத்து. சம்மந்தியம்மா உள்ளேயிருந்து வந்து, ராகுகாலம் வருகிறது, இனி பிள்ளை பிறந்த பிறகு சண்டை போடுங்கள் என்று முடித்துவைத்தார். டாக்ஸிக்காரருக்கு வந்த கூலியும் இலையில் சோறும் கொடுத்து அனுப்பினார்கள். சம்மந்தி தானே எங்கள் காரின் பின்கதவைத் திறந்து, தலையணையைச் சரி செய்து, மருமகளைக் கைப்பிடித்து ஏற்றினார். கதவைச் சாத்தியபின் கூரையை ஒருமுறை தட்டினார்.

நெய்யாற்றின்கரை வரும் முன்பே மகள் தூங்கிவிட்டாள். வயிற்றின் மேல் ஒரு கை, வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். டிப்பர்கள் வந்தன, போயின. இத்தனை வாரத்தில் அன்றுதான் என் தோள்கள் இறங்கின.

போன் அடித்தது. சம்மந்தி. ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை. கணவர் ஸ்பீக்கரில் போட்டு என் பக்கமாகப் பிடித்தார்.

"வண்டி எப்படி ஓடுது?" என்றார்.

ராஜா மாதிரி என்று வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டேன்.

"ஏசில இருந்து காலுல தண்ணி சொட்டுது சம்மந்தி" என்றேன். "முதல் நாள்ல இருந்தே."

அவர் சந்தைக் குரலில், எங்கள் வீட்டில் ஒருநாளும் கேட்காத பெருங்குரலில் சிரித்தார்.

"அது என் காலுலயும் சொட்டிச்சு. வைப்பர்?"

"துடைக்கவே துடைக்காது."

"பின்கதவு மழைல ஒழுகும், பாத்தியளா?"

"போன ஆடியிலயே பாத்தேன்."

மகள் தூக்கத்தில் புரண்டாள். கணவர் போனின் சத்தத்தைக் குறைத்தார், ஆனால் வைக்கவில்லை. கரமனைப் பாலம் வரும்வரை நானும் சம்மந்தியும் அந்த வண்டியை ஆசை தீரக் குறை சொல்லிக்கொண்டே வந்தோம்.